குறைக்க முடியாத ஒலி

மிக்சருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரால் கூட்டத்தான் முடியும். மேடையிலிருந்து நேராகக் காதுக்கு வந்து சேரும் ஒலியில் இம்மியளவைக்கூட அவரால் கழிக்க முடியாது. பத்தாயிரம் பேர் கூடும் மைதானத்தில் இது ஒரு பொருட்டில்லை. மேடையின் சொந்தச் சத்தம் முதல் சில வரிசைகளுக்குள் கரைந்துவிடும்; மற்றவர்கள் கேட்பதெல்லாம் ஸ்பீக்கர் வழியே வருவது. நூறு பேர் நின்றால் மூச்சு முட்டும் சிறிய இசைக்கூடத்தில் நிலைமை வேறு. மேடை என்பது ஒரு முழ உயரப் பலகை. முன்னால் நிற்பவருக்கும் டிரம்ஸுக்கும் நடுவில் எட்டடி இருந்தால் அதிகம். அந்த டிரம்ஸுக்கு மைக் வைத்தாலும் கேட்கும், வைக்காவிட்டாலும் கேட்கும். மிக்சரில் அதன் ஃபேடரை அடிவரை இறக்கினாலும் கேட்கும்.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வருகிறவர்கள் சொல்வது எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வாசிப்பு பிரமாதம், ஆனால் பாடியதில் ஒரு வார்த்தை புரியவில்லை, சவுண்டுக்காரர் சொதப்பிவிட்டார். பழி எப்போதும் கூடத்தின் பின்பக்கம் பொத்தான்களோடு உட்கார்ந்திருக்கும் அந்த ஒருவர் மேல் விழுகிறது. பாடகரின் குரலை அவர் ஏன் இன்னும் ஏற்றவில்லை என்று கேட்கிறார்கள். ஏற்றியிருப்பார். ஏற்ற ஏற்ற ஒரு கட்டத்தில் மைக் கூவத் தொடங்கும். அதற்கு மேல் அவருக்கு வழியில்லை. குரல் புதைந்தது மேடையில். நான்கு பேர் தத்தம் ஒலியைத் தனித்தனியே உயர்த்திக்கொண்டே போனதில், உயர்த்த வழியில்லாத ஐந்தாமவர் அடியில் போய்விட்டார்.

சாயங்காலம் நடக்கும் சவுண்ட் செக்கைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் இது எப்படி நடக்கிறதென்று தெரிந்துவிடும். முதலில் டிரம்மர் வருவார். மற்ற எல்லாக் கருவிக்கும் ஒலியைக் குறைக்க ஒரு திருகு உண்டு, டிரம்ஸுக்குக் கிடையாது. வாசிப்பவரின் மணிக்கட்டுதான் அதன் திருகு. ஓங்கி அடிக்கும் ஒருவர் சிறிய அறையில் சர்வசாதாரணமாக 100 டெசிபலைத் தாண்டுவார். ஆக, அன்றைய இரவின் தரைமட்டம் அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. அடுத்து கித்தார்க்காரர். டிரம்ஸுக்கு மேல் தன் வாசிப்பு தனக்குக் கேட்க வேண்டும், ஆம்ப்பைத் திருகுகிறார். பேஸ் வாசிப்பவர் இருவருக்கும் அடியில் காணாமல் போகாதிருக்கத் தன் பங்குக்குத் திருகுகிறார். கீபோர்டுக்காரர் பின்தங்கமாட்டார். கடைசியில் பாடகி மைக்குக்கு முன்னால் வந்து நிற்கிறார்.

"அண்ணா, மானிட்டர்ல என் வாய்ஸை இன்னும் கொஞ்சம் ஏத்துங்களேன்."

"ஏத்திட்டேன்மா. இதுக்கு மேல ஏத்துனா கூவிடும்."

"மச்சி, உன் ஆம்ப்பக் கொஞ்சம் கொறேன்டா."

"இதுக்கே எனக்கு ஒண்ணும் கேக்கலடா."

கித்தார்க்காரர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே கேட்கவில்லை. காரணம் எளிது. ஆம்ப் தரையில் இருக்கிறது, காது ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. கித்தார் ஆம்ப்பில் உள்ள பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் தாழ்ந்த ஒலிகளை எல்லாப் பக்கமும் பரப்பும். சொல்லைச் சொல்லாகத் தெளிவுபடுத்தும் கூர்மையான உயர் ஒலிகளையோ டார்ச் வெளிச்சம் போல நேர்க்கோட்டில் மட்டும் வீசும். அந்த வெளிச்சம் வாசிப்பவரின் முழங்காலில் பட்டு, அவரைக் கடந்து, முன்வரிசையில் நிற்பவரின் முகத்தில் போய் விழுகிறது. தனக்குக் கேட்பது மங்கலாக இருக்கிறதே என்று அவர் ட்ரெபிளையும் வால்யூமையும் ஏற்றுகிறார். முன்வரிசைக்காரருக்குக் காதில் ஊசி குத்துகிறது. ஆம்ப்பை ஒரு நாற்காலி மேல் தூக்கி வைத்தாலோ பின்னால் சாய்த்து வாசிப்பவரின் தலையை நோக்கித் திருப்பினாலோ பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். ஃபெண்டர் நிறுவனம் தன் பெரிய ஆம்ப்களின் இரு பக்கத்திலும் சாய்த்து நிறுத்தக் கால்கள் வைத்துக் கொடுத்தது இதற்காகத்தான். அந்தக் கால்களை விரித்துப் பார்க்காத கித்தார்க்காரர்கள் ஏராளம்.

பாடகியின் நிலைமை இதைவிட மோசம். மனிதத் தொண்டை ஆம்ப்போடு போட்டி போட முடியாது. அவர் குரலை ஏற்ற மைக்கைத் திறந்தால், அந்த மைக் அவருக்குப் பின்னால் நான்கடி தூரத்தில் முழங்கும் சிம்பலையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது. குரலைக் கூட்டினால் சிம்பலும் கூடுகிறது. பாடகிக்குத் தன் குரல் கேட்பதற்காக அவரை நோக்கி மேடையில் வைத்திருக்கும் ஸ்பீக்கர்தான் மானிட்டர்; அதிலிருந்து வரும் குரல் மறுபடி மைக்குக்குள் புகுந்து, ஆம்ப் வழியாகச் சுற்றி வந்து, ஒவ்வொரு சுற்றிலும் பெருகிக் கூவலாகிறது. 1966-இல் வந்த ஷூர் எஸ்எம்58 போன்ற மைக்குகள் பின்பக்கத்தை ஏறக்குறைய கேட்காதபடி வடிவமைக்கப்பட்டவை. அதனால் மானிட்டரை மைக்கின் நேர் பின்னால் வைக்க வேண்டும். சூப்பர்கார்டியாய்டு வகை மைக் என்றால் அதன் செவிட்டுக் கோணம் நேர் பின்னால் இல்லை, சற்றுப் பக்கவாட்டில் இருக்கிறது. மைக்கை மாற்றிவிட்டு மானிட்டரை இடம் மாற்றாதவர்கள், கூவலுக்குக் காரணம் தெரியாமல் இரவு முழுக்கத் திண்டாடுவார்கள். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் கூவலுக்கு முன்னால் நமக்கு இருக்கும் இடைவெளியில் 3 டெசிபல் கரைகிறது. சிறிய கூடத்தில் பதினாறு மைக் விரித்து வைப்பது தொழில் சுத்தம் போலத் தோன்றும். உண்மையில் அது பாடகரின் இடத்தைத் தின்பது.

*

மேடையில் ஆம்ப்பை ஏற்றிக்கொண்டே போகும் இந்த வாடிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. லிவர்பூலில் மேத்யூ தெருவில் தரைக்கு அடியில் இருந்த கேவர்ன் கிளப், 1957 ஜனவரியில் ஜாஸ் கேட்பதற்கென்று திறக்கப்பட்டது. கிடங்கின் நிலவறை அது. மூன்று செங்கல் வளைவுகள், ஈரம் வழியும் சுவர், காற்றோட்டம் என்பதே கிடையாது. 1961 பிப்ரவரியிலிருந்து 1963 ஆகஸ்ட் வரை பீட்டில்ஸ் குழு அங்கே ஏறக்குறைய 290 தடவை வாசித்தது. அந்தக் காலத்தில் குழுவுக்கு இருந்த ஒலிபெருக்கி பாடுகிறவரின் குரலுக்கு மட்டுந்தான். கித்தாரின் ஒலி எவ்வளவு தூரம் போக வேண்டுமோ அவ்வளவையும் அதன் ஆம்ப் தானே சுமக்க வேண்டும். கேவர்னில் 30 வாட் வாக்ஸ் ஆம்ப் தாராளமாகப் போதும். பீட்டில்ஸ் வெளியே வந்து பெரிய அரங்குகளில் ஏறியபோது போதவில்லை.

1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் 55,000-க்கும் மேற்பட்டோர் முன்னால் அவர்கள் வாசித்தார்கள். அதற்கென வாக்ஸ் நிறுவனம் 100 வாட் ஆம்ப்களைச் செய்து கொடுத்தது. குரல்கள் பேஸ்பால் ஆட்டத்தில் அறிவிப்புச் செய்யும் ஒலிபெருக்கிகள் வழியாக வந்தன. மேடையில் மானிட்டர் கிடையாது. ரசிகர்களின் அலறலில் தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்கவில்லை. முன்னால் நிற்பவர்களின் உடல் அசைவைப் பார்த்துத்தான் பாட்டு எந்த இடத்தில் இருக்கிறதென்று கண்டுகொண்டதாக ரிங்கோ ஸ்டார் பிற்பாடு சொல்லியிருக்கிறார். மறு ஆண்டு ஆகஸ்ட் மாதக் கடைசியில் சான் ஃபிரான்சிஸ்கோவில் வாசித்ததோடு அவர்கள் சுற்றுப்பயணத்தையே நிறுத்திக்கொண்டார்கள். தங்களைத் தாங்களே கேட்க முடியாத மேடையில் குழுவாக வாசிப்பது முடியாத காரியம் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

அதே ஆண்டுகளில் லண்டனில் வேறொரு போட்டி நடந்தது. வார்டர் தெருவில் இருந்த மார்க்கீ கிளப்பில் செவ்வாய்க்கிழமைதோறும் வாசித்துப் பெயர் வாங்கிய த ஹூ குழுவில் கித்தார் வாசித்த பீட் டவுன்ஷெண்டும் பேஸ் வாசித்த ஜான் என்ட்விசிலும் ஒருவரை ஒருவர் மிஞ்ச ஆம்ப்பை மாற்றி மாற்றி வாங்கினார்கள். ஒருவர் பெரிய பெட்டி வைத்தால் அடுத்தவர் அதைவிடப் பெரியது வைப்பார். இருவருக்கும் பொருள் கொடுத்தவர் ஹான்வெல்லில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல். அவர் அடிப்படையில் டிரம்மர். எட்டு ஸ்பீக்கர் கொண்ட ஒரே பெட்டியைத் தூக்க முடியவில்லை என்று சுமப்பவர்கள் முறையிட, அது நான்கு நான்காக இரண்டு பெட்டிகளாகப் பிரிந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறியது. மேலே 100 வாட் ஆம்ப். இன்றுவரை ராக் இசையின் சின்னமாக நிற்கும் அந்தக் கறுப்பு அடுக்கு பிறந்த கதை இதுதான்.

பிறகு ஒலிபெருக்கித் தொழில் வளர்ந்தது. கித்தாருக்கும் டிரம்ஸுக்கும் மைக் வைத்து ஊர் முழுக்கக் கேட்கச் செய்யும் வசதி வந்துவிட்டது. ஆம்ப் தானே தூரத்தைச் சுமக்க வேண்டிய அவசியம் ஒழிந்தது. ஆனால் அடுக்கு போகவில்லை. சுவரொட்டியில் பார்த்த அடுக்கு வீட்டு அறைக்கு வந்தது, வீட்டு அறையிலிருந்து நூறு பேர் கூடும் கிளப்புக்கு வந்தது. தேவை மறைந்த பின்னும் வழக்கம் நின்றுகொண்டது. சிறிய கிளப்பின் ஒலிச் சிக்கலில் பெரும்பகுதி, ஒலிபெருக்கி இல்லாத காலத்துப் பெரிய மேடைக்காகச் செய்த தீர்வை ஒலிபெருக்கி உள்ள காலத்துச் சிறிய மேடைக்குத் தூக்கி வந்ததால் உண்டானது.

வாட் கணக்கும் ஆளை ஏமாற்றும். 10 வாட் ஆம்ப்பைவிட 100 வாட் ஆம்ப் பத்து மடங்கு சத்தம் போடும் என்று நினைப்பது இயல்பு. காதின் கணக்கு அப்படியில்லை. சக்தி இரட்டித்தால் 3 டெசிபல் கூடும். பத்து மடங்கானால் 10 டெசிபல். 10 டெசிபல் கூடினால்தான் நமக்குச் சுமார் இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும். அதாவது 100 வாட் ஆம்ப் 10 வாட்டின் இரட்டிப்பு, அவ்வளவே. அதைக் குறைத்து வைத்து வாசிக்கலாமே என்றால், வால்வ் ஆம்ப்பில் ஒரு நியாயமான தடை இருக்கிறது. வால்வுகள் திணறும் அளவுக்கு ஏற்றினால்தான் கித்தார்க்காரர் விரும்பும் அந்தக் கரகரப்பும் இழுவையும் பிறக்கும். 100 வாட்டை அந்த நிலைக்குக் கொண்டுபோனால் சிறிய கூடம் தாங்காது. குறைத்தால் கித்தாரின் ஒலி மெலிந்து உயிரில்லாமல் போகும். 5 வாட்டோ 15 வாட்டோ உள்ள சிறு ஆம்ப் அதே திணறலைக் கூடம் தாங்கும் அளவிலேயே கொடுத்துவிடும். அனுபவப்பட்ட கித்தார்க்காரர்கள் வயதாக ஆகச் சின்ன ஆம்ப்புக்கு வருவது முதுகுவலியால் மட்டுமில்லை.

*

சத்தம் ஏறுவதில் ஆணவத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் ஆணவம் இல்லாத மேடையிலும் சத்தம் ஏறத்தான் செய்கிறது. அதற்குக் காரணம் காது. எட்டியன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் பதிவு செய்த விஷயம் இது: சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்திவிடுகிறார். கல்யாணப் பந்தியில் எல்லோரும் கத்திப் பேசுவதற்கு யாரும் காரணமில்லை, எல்லோரும் காரணம். 1933-இல் பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. தாழ்ந்த சத்தத்தில் நம் காது அடி ஒலிகளைச் சரியாகக் கேட்பதில்லை. சத்தம் கூடக் கூட அடி ஒலிகள் நிறைந்து வருகின்றன. ஆகவே ஒரே வாசிப்பு கொஞ்சம் சத்தமாகக் கேட்டால் 'நன்றாக' இருப்பதாகவே தோன்றும். இதற்கு மேல், பெருஞ்சத்தம் நுழைந்ததும் நடுச்செவியில் ஒரு சிறு தசை இறுகிக் காதைக் காக்கப் பார்க்கிறது. அரை மணி நேரம் போனால் காது சோர்ந்து மந்தமாகிவிடும். முதல் பாட்டில் போதுமாக இருந்த அளவு ஐந்தாம் பாட்டில் போதாமலாகிறது. கை தானாகத் திருகுக்குப் போகிறது. அளக்கும் கருவி, அளக்கப்படும் பொருளாலேயே மாறிக்கொண்டிருக்கிறது. மேடையில் நிற்பவரின் 'எனக்குக் கேட்கவில்லை' என்ற வாக்குமூலத்தை நம்ப வேண்டும். அதிலிருந்து 'ஆகவே கூட்டு' என்ற முடிவுக்குத்தான் வரக்கூடாது. கூட்டாமலே கேட்கச் செய்யும் வழிகள் இருக்கின்றன.

மிகப் பழைய வழி மைக்கை விட்டு விலகுவது. நியூ ஆர்லியன்ஸில் 1961 முதல் நடந்துவரும் பிரிசர்வேஷன் ஹாலில் ஒலிபெருக்கி இல்லாமல் ஜாஸ் வாசிக்கிறார்கள். டிரம்பெட், டிராம்போன், டிரம்ஸ் எல்லாம் ஒரு சின்ன அறையில், கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு முன்னால். பாடகர் வாயெடுத்ததும் டிரம்மரின் கை தானாக இறங்கும். இறங்காவிட்டால் காப்பாற்ற அங்கே மிக்சர் கிடையாது. புளூகிராஸ் குழுக்கள் இன்னொரு முறையை வளர்த்தன. ஒரே மைக்கைச் சுற்றி ஐந்து பேர் நிற்பார்கள். பாடுகிறவர் மைக்கை நெருங்குவார்; பாடி முடித்ததும் விலகி, பாஞ்சோவுக்கு வழிவிடுவார்; பாஞ்சோ தன் முறை முடிந்ததும் பின்வாங்கி ஃபிடிலுக்கு இடம் கொடுக்கும். லெஸ்டர் ஃபிளாட், எர்ல் ஸ்க்ரக்ஸ் குழுவின் மேடையில் இந்த வருகையும் விலகலும் ஒரு நடனம் போலவே பழகியிருந்தது. அங்கே ஒலிக்கலவை கால்களால் நடந்தது. தன்னைவிட இன்னொருவர் கேட்க வேண்டிய நேரம் எது என்று ஐந்து பேருக்கும் தெரிந்திருந்தது.

மின்கருவிகள் உள்ள குழுவுக்கும் இந்த அறிவு பொருந்தும். குரலிலிருந்து தொடங்க வேண்டும். கூவாமல் குரலை எந்த அளவுக்கு ஏற்ற முடியும் என்று முதலில் பார்த்து, அதையே கூரையாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்குக் கீழே அமைக்க வேண்டும். டிரம்ஸில் தொடங்கி மேலே மேலே அடுக்கும் வழக்கமான சவுண்ட் செக் இதற்கு நேரெதிர். இரண்டாவது, ஒலியைக் கூட்டுவதற்குப் பதில் வாசிப்பில் இடம் விடுவது. கீபோர்டுக்காரரின் இடது கை பேஸ் இருக்கும் இடத்தில் எந்நேரமும் உழுதுகொண்டிருந்தால், பேஸை எத்தனை ஏற்றினாலும் தெளியாது. இடது கையை எடுத்துவிட்டால் ஏற்றாமலே தெளியும். கித்தார் இரண்டும் ஒரே கட்டையில் ஒரே கார்டை ஓட்டினால் இரண்டும் சேர்ந்து ஒரு சேறு. ஒன்று மேலே ஏறிச் சிறு சிறு சொற்களாக வாசித்தால் இரண்டும் கேட்கும். நல்ல இசை ஏற்பாட்டாளரின் வேலையும் நல்ல ஒலியாளரின் வேலையும் இந்த இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன.

கூடத்தையும் ஒரு கருவியாகக் கணக்கில் எடுக்க வேண்டும். நியூயார்க்கின் பவரியில் ஹில்லி கிறிஸ்டல் 1973 டிசம்பரில் திறந்து 2006 வரை நடத்திய சிபிஜிபி கிளப் நீண்டு குறுகிய ஓர் அழுக்குக் கூடம். ரமோன்ஸ், டெலிவிஷன், டாக்கிங் ஹெட்ஸ், பேட்டி ஸ்மித் எல்லோரும் அங்கிருந்து வந்தவர்கள். அழுக்கு பிரசித்தமான அளவுக்கு அங்கே ஒலி நன்றாக இருந்ததும் பிரசித்தம். டாக்கிங் ஹெட்ஸ் பாடகர் டேவிட் பர்ன் 2012-இல் எழுதிய 'ஹவ் மியூசிக் வொர்க்ஸ்' நூலின் தொடக்கத்திலேயே இதைப் பேசுகிறார். ஒழுங்கற்ற சுவர்களும் தட்டுமுட்டுச் சாமான்களும் தாழ்ந்த கூரையும் நெருங்கி நின்ற உடல்களும் எதிரொலியை விழுங்கியதால், தாளத்தின் நுணுக்கமும் சொற்களும் அங்கே தெளிவாகக் கேட்டன. தங்கள் இசை அந்த அறைக்குப் பொருந்தி வளர்ந்தது என்பது அவர் கருத்து. வழவழப்பான தரை, கண்ணாடிச் சுவர், கான்கிரீட் கூரை என்று பளபளப்பாகக் கட்டப்படும் இன்றைய கிளப்கள் ஒலிக்கு இதைவிட எவ்வளவோ கொடுமையானவை. காலி அறையில் சவுண்ட் செக் முடித்துவிட்டு அதே அளவில் இரவு வாசிப்பதும் தவறு. ஆள் நிறைந்ததும் உடம்பும் உடையும் உயர் ஒலிகளை வாங்கிக்கொள்ளும். அடி ஒலிகளை அவ்வளவாகத் தொடாது. மாலையில் கூர்மையாக இருந்தது இரவில் மொத்தையாகும். அப்போது ட்ரெபிளைக் கூட்டுவதைவிட பேஸைக் குறைப்பதே மருந்து.

தொழில்நுட்பம் இன்னொரு வழி காட்டுகிறது. மேடையையே மௌனமாக்கிவிடலாம். கித்தார்க்காரரின் ஆம்ப்புக்குப் பதில் ஒரு கணினிப் பெட்டி, டிரம்ஸுக்குப் பதில் மின்னணுப் பட்டைகள், மானிட்டருக்குப் பதில் ஒவ்வொருவர் காதுக்குள்ளும் ஒரு சிறு ஸ்பீக்கர். வான் ஹேலன் குழுவுக்கு மானிட்டர் ஒலி பார்த்த ஜெரி ஹார்வி அதன் டிரம்மருக்காக 1990-களின் நடுவில் செய்த காது மானிட்டர் பிறகு உலகெங்கும் பரவியது. இது உண்மையான தீர்வுதான், பெரிய மேடைகளுக்கு. சிறிய கிளப்பில் இதன் குறை உடனே தெரியும். இரு பக்க ஸ்பீக்கர்களும் முன்வரிசையின் தலையைத் தாண்டித்தான் ஒலியை வீசும். மேடையிலிருந்து வேறெதுவும் வராததால், முன்னால் நிற்கும் தீவிர ரசிகருக்கு அசல் டிரம்ஸ் வைத்த மேடையில் டிரம்ஸ் மட்டும் கேட்கும், மின்னணு டிரம்ஸ் வைத்த மேடையில் பிளாஸ்டிக் தட்டும் ஓசை கேட்கும். காதை அடைத்துக்கொண்ட வாசிப்பவருக்கோ கூட்டத்தின் மூச்சு கேட்காது. நாலடி தூரத்தில் நிற்கும் மனிதர்களோடு உறவு அறுந்துபோவதற்காக யாரும் சிறிய கிளப்பில் வாசிக்க வருவதில்லை.

சத்தத்துக்கு ஆதரவாகவும் பேச வேண்டும். ராக் இசையில் சத்தம் ஒரு துணைப்பொருள் இல்லை, பொருளே அதுதான் என்று சொல்வோர் உண்டு. கிக் டிரம் நெஞ்சில் மோத வேண்டும், பேஸ் காலடியில் அதிர வேண்டும், கொஞ்ச நேரமாவது யோசிக்க முடியாமல் போக வேண்டும். ரமோன்ஸைக் குறைந்த ஒலியில் கேட்பது அர்த்தமற்றது. இதை நான் மறுக்கவில்லை. ஒரு குழு கூடிப் பேசி, 'இந்தப் பாட்டு இவ்வளவு சத்தமாக இருக்க வேண்டும்' என்று தேர்ந்தெடுத்தால் அது கலைத் தீர்மானம். நான் சொல்லும் சத்தத்தை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொருவரும் தன்னைக் கேட்பதற்காகத் தனித்தனியே எடுத்த சிறு சிறு முடிவுகள் சேர்ந்து, ஐவரில் ஒருவருக்கும் பிடிக்காத ஒரு மொத்தமாக வந்து நிற்கின்றன. அதில் ஏற்றமும் இறக்கமும் கிடையாது. எல்லாமே உச்சத்தில் இருக்கும் பாட்டில் உச்சம் என்று ஒன்று வருவதற்கு இடமில்லை.

*

நம் ஊர் மேடைக்கும் இந்தக் கணக்கு அந்நியமில்லை. 1933-இல் இளம் வயதிலேயே மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பா, மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசை வரை பாடிக் கேட்கவைத்தவர். உச்ச ஸ்தாயியில் பாடியது அழகுக்காக மட்டுமில்லை, தேவைக்காகவும்தான். மைக் வந்தபின் தாழ்ந்த சுருதியில் நிதானமாகப் பாடும் வசதி கர்நாடக இசைக்குக் கிடைத்தது. கூடவே வேறொன்றும் வந்தது. இன்று சபா மேடையில் பாடகர், வயலின், மிருதங்கம், கடம் என்று நாலு பேருக்கு நாலு மைக். முதல் உருப்படி முடிவதற்குள் நாலு பேரும் கையை உயர்த்தி "ஃபீட்பேக்கை ஏத்துங்க" என்று, அதாவது மானிட்டரை ஏற்றச் சொல்லி, சைகை காட்டுகிறார்கள். யாரும் இறக்கச் சொல்வதில்லை. மிருதங்கம் இயல்பிலேயே ஒரு சிறு மண்டபத்தை நிறைக்கும் கருவி. அதற்கு வைக்கும் மைக் பாடகரின் சாகித்தியத்தைத்தான் மூடுகிறது.

கல்யாண மண்டபத்துக்கு வந்தால் சொல்லவே வேண்டாம். வரவேற்பில் மெல்லிசைக் குழு பாடிக்கொண்டிருக்கிறது. பக்கத்து நாற்காலியில் இருக்கும் பெரியப்பாவிடம் நலம் விசாரிக்க வாயைக் காதருகே கொண்டுபோக வேண்டியிருக்கிறது. சத்தம் தாங்காத முதியவர்கள் முதல் வரிசையிலிருந்து எழுந்து வாசலுக்குப் போகிறார்கள். முதல் வரிசை மரியாதைக்குரியவர்களுக்கு என்பதால் அவர்களைத்தான் ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் உட்கார வைத்திருக்கிறோம். நம் ஒலி மாசு விதிகள் 2000-இல் வந்தன. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்கின்றன. ஆனால் மூடிய அரங்குகளும் விருந்துக் கூடங்களும் தமக்குள் பயன்படுத்திக்கொள்ள விலக்கு உண்டு. சட்டம் காப்பது பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கத்தை. உள்ளே உட்கார்ந்திருப்பவரின் காதுக்கு அதில் இடமில்லை.

அந்தக் காதுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் சொல்வது: 85 டெசிபலில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வரை இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான். கிளப் நிகழ்ச்சி ஒன்றில் மூன்றாவது பாட்டோ நான்காவது பாட்டோ முடிவதற்குள் அன்றைய பங்கு தீர்ந்துவிடுகிறது. உலக சுகாதார அமைப்பு 2022-இல் இசை நிகழும் இடங்களுக்கென வெளியிட்ட அளவுகோல், சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்றும், காதுக்கு ஓய்வு தர அமைதியான ஓரிடம் ஒதுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பாட்டுக் கேட்க வந்தவர் இரண்டு மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடுவார். வாரம் முழுக்க அங்கே கோப்பை எடுத்து வைக்கும் ஊழியரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆம்ப் போட்டியில் முன்னால் நின்ற த ஹூ குழு 1976-இல் லண்டனின் சார்ல்டன் மைதானத்தில் 32 மீட்டர் தொலைவில் 126 டெசிபல் எழுப்பிக் கின்னஸ் நூலில் இடம்பெற்றது. காதைக் கெடுத்துக்கொள்ள ஆளைத் தூண்டும் என்பதால் கின்னஸ் பிற்பாடு அந்தப் பிரிவையே எடுத்துவிட்டது. டவுன்ஷெண்டுக்குக் காதில் ஓயாத இரைச்சலும் கேட்கும் திறன் இழப்பும் வந்தன. ஸ்டுடியோவில் ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டதே முக்கியக் காரணம் என்று அவர் சொல்லியிருக்கிறார். ராக் இசைக்கலைஞர்களின் செவியைக் காக்க 1988-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய 'ஹியர்' என்ற அமைப்புக்கு ஆரம்பத்தில் நிதி கொடுத்தவர் அவர். அதை நிறுவியவர்களில் ஒருவரான கேத்தி பெக், மேடையிலேயே கேட்கும் திறனை இழந்த பேஸ் கலைஞர்.

குழு வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. அடுத்த சவுண்ட் செக்கில் ஒரு பாட்டை வாசித்துக்கொண்டிருக்கும்போதே உங்களில் ஒருவர் மேடையிலிருந்து இறங்கிக் கடைசிச் சுவர் வரை நடந்துபோய் நின்று கேளுங்கள். பிறகு அடுத்தவர் போகட்டும். உங்கள் வாத்தியம் உங்களுக்குக் கேட்கவில்லையென்றால் அதை ஏற்றச் சொல்வதற்கு முன், எதை இறக்கினால் அது கேட்கும் என்று மற்ற நால்வரிடமும் கேளுங்கள். கல்யாணம் நடத்துகிறவர்களுக்கும் ஒன்று: முதல் பாட்டு முடிந்ததும் எழுந்துபோய்ச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். பணம் கொடுப்பது நீங்கள்; கேட்டுக்கொண்டிருப்பது உங்கள் விருந்தாளிகள்.